கடைக் கணக்கும் வரியும்



திருகோணமலைத் துறைமுகப் பக்கம் கருவாட்டுக் கடை போட்டிருக்கும் நம்ம பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். செக்ரோலில் பேர் விழாவிட்டால் சம்பளமில்லை என்பது நமக்குத் தெரியும். கடையில் கணக்கப்பிள்ளை நாமேதான்; கொப்பியில் விழாத செலவு செலவே இல்லை.

ஆண்டுக்கு 24 இலட்சம் ரூபாய் விற்பனை என்று வைப்போம். மீன், உப்பு, வாடகை, லொறிக் கூலி 10 இலட்சம். மிச்சம் 14 இலட்சம்தான் வருமானம். 2025 ஏப்ரல் முதல் ஒருவருடைய வருமானத்தில் ஆண்டுக்கு 18 இலட்சம் வரை வரி கிடையாது. ஆனால் பில்லும் கொப்பியும் இல்லாமல் அந்த 10 இலட்சத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் எப்படிக் காட்டுவோம்?

வீட்டுக்கு எடுத்த கருவாடு கடைச் செலவல்ல. எல்லாரும் எடுக்கிறதுதான், தனிப் பக்கத்தில் எழுதுவோம். வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. சித்திரைப் புத்தாண்டு வரட்டும் என்று புதுக் கொப்பியைத் தள்ளிப்போட வேண்டாம்.