பெட்டியே பரிசு



கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அதைத் தொட்டுப் பொங்கல் என்று விடுமுறைகள் வரிசையாக வருகின்றன. சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். வருகிறவர்கள் கை நிறையக் கொண்டுவருவார்கள். திரும்பிப் போகும்போது அவர்களிடம் என்ன கொடுத்து அனுப்புவது என்று வீட்டில் யோசனை ஓடும்.

பரிசு வாங்குவதற்குக் கஷ்டமான ஆட்கள் என்று சிலர் உண்டு. ஒரு டம்ளரைக் கையில் எடுத்ததும் விளிம்பைத் தடவிப் பார்ப்பார்கள். புதுக் கதவின் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டு எடுத்துப் பார்ப்பார்கள். கத்தி வாங்கப் போனால் விலையைக் கேட்பதற்கு முன்பே பிடியைப் பிடித்துப் பார்த்துவிடுவார்கள். அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் பொம்மையும் சுவர்க் கடிகாரமும் அவர்களுக்குச் சந்தோஷம் தராது. தினமும் கையில் புழங்கும் பொருள் ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. இவர்களுக்கு ஏர்வாடிப் பக்கத்திலிருந்து என்ன கொடுக்கலாம் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ஏர்வாடி என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீது பாதுஷா நாயகம் தர்கா. துல்கஃதா மாதத்துச் சந்தனக்கூடு விழாவுக்கு முஸ்லிம்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என்று எல்லாரும் வருவார்கள், கேரளத்திலிருந்தும் வருவார்கள். வந்தவர்கள் வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போகாமல் இருப்பதில்லை. ஆனால் கடைகளில் தொங்கும் பிளாஸ்டிக் பொம்மையும் வளையலும் எந்த ஊர்த் திருவிழாவிலும் கிடைக்கும். இந்த மண்ணுக்கே உரிய சரக்கு ஊருக்கு வெளியே, கீழக்கரைக்கும் சாயல்குடிக்கும் போகிற சாலையின் இரண்டு பக்கமும் நிற்கிறது. பனை மரம்தான்.

என்னைக் கேட்டால், முதல் பரிசு ஓலைக்கொட்டான். சிறிய மூடி போட்ட பெட்டி. பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடி சதுரமாக இருக்கும், வாய் வட்டமாக இருக்கும். சதுர அடி தரையில் ஆடாமல் உட்காரும். வட்ட வாயில் மூடி எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் உட்காரும். சதுரத்தில் தொடங்கிய பின்னல் எந்த இடத்தில் வட்டமாகிறது என்று விரலை வைத்துத் தேடினால் பிடிபடாது. ஒட்டு இல்லை, ஆணி இல்லை, பசை இல்லை. நான்கு மூலையில் ஓலை வளைந்து மேலே ஏறும்போது முடைகிறவரின் விரல் கொடுக்கும் இழுப்பில்தான் அந்த வடிவம் வருகிறது. ஒரு மூலையில் இழுப்பு தளர்ந்தால் பெட்டி கோணிக்கொள்ளும்.

அதற்கு முன்னால் நடக்கிற வேலை பாதி. பெட்டிக்கு முற்றிய சாரோலை ஆகாது, குருத்தோலைதான் வேண்டும். உயர்ந்த மரத்தில் ஏறத் தேவையில்லாமல் வடலியிலேயே வெட்டிக்கொள்வார்கள். குருத்தை விரித்து வெயிலில் போட்டால் பச்சை போய் வெளுக்கும். அப்படியே முடைந்தால் ஒடிந்துவிடும். அதனால் இரவில் பனியில் கிடக்கவிட்டு, விடிந்ததும் அந்தப் பதம் போவதற்குள் ஈர்க்கை நீக்கி, ஓலையை ஒரே அகலத்தில் கிழிப்பார்கள். ஒரு ஓலை ஒரு நூலளவு அகலம் கூடினாலும் பின்னலில் இடைவெளி விழும். இதற்குக் கண் அளவைத் தவிர வேறு அளவுகோல் எதையும் நான் பார்த்ததில்லை. வெயில் ஏற ஏற ஓலை முறுக்கிக்கொள்ளும் என்பதால் நிழலில் உட்கார்ந்து வேலை நடக்கும். "பதம் போச்சுன்னா அப்புறம் நாம சொல்றத ஓலை கேக்காது தம்பி" என்று பெட்டி முடையும் அக்கா ஒருவர் சொன்னார். அவர் என்னிடம் பேசிய நேரம் முழுக்கக் கை நிற்கவே இல்லை, கண்ணும் பெட்டியைப் பார்க்கவில்லை.

இந்தப் பெட்டி எதற்கு நல்லது? கருப்பட்டிக்கு. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். ஈரம் பிடித்த கருப்பட்டியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்துப் பிசுபிசுக்கும். ஓலையின் நெருக்கமான பின்னல் தூசியைத் தடுக்கும், ஆனால் ஈரத்தை வெளியே விட்டுவிடும். முன்பெல்லாம் அடுப்புக்கு மேலே பரணில் புகை படுகிற இடத்தில் கருப்பட்டியை வைத்துக் காப்பாற்றினார்கள். கேஸ் அடுப்பு வந்த வீட்டில் புகைக்கு வழியில்லை, பெட்டிக்கு இடம் உண்டு. பதநீர் இறக்கும் பருவம் தை, மாசிக்குப் பிறகுதான் என்பதால் இப்போது கிடைப்பது போன பருவத்துக் கருப்பட்டி. அதில் குறை ஒன்றும் இல்லை, மருந்துக்குப் பழைய கருப்பட்டியைத்தான் தேடி வாங்குகிறார்கள். ஒரு கொட்டானில் கருப்பட்டி, இன்னொன்றில் ராமநாதபுரம் முண்டு மிளகாய். உருண்டையான, தோல் தடித்த இந்த மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தின்று தீர்ந்த பிறகும் பெட்டி வீட்டில் இருக்கும். ஊசி நூல் போடலாம், சில்லறை போடலாம், மாத்திரை அட்டைகளைப் போடலாம்.

செட்டிநாட்டில் இதே கொட்டானுக்குச் சீர்வரிசையில் இடம் உண்டு. கல்யாணத்துக்கு முன்பு ஆச்சிமார் கூடி உட்கார்ந்து முடைந்து, மணியும் துணியும் வைத்துத் தைத்து, பலகாரம் போட்டுக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் வந்தபின் அந்தக் கைவேலை ஏறக்குறைய நின்றே போயிருந்தது. விசாலாட்சி ராமசாமி தொடங்கிய பண்பாட்டு அறக்கட்டளை பெண்களுக்குத் திரும்பப் பயிற்சி கொடுத்து அதை மீட்டது. இன்று செட்டிநாடு கொட்டானும் புவிசார் குறியீடு பெற்ற பொருள். மறந்த வேலையைக் கை திரும்பக் கற்கும் என்பதற்கு நம் பக்கத்திலேயே கிடைக்கிற நல்ல சாட்சி இது.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே பனைதான். யாழ்ப்பாணத்தில் பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி ஒன்று உண்டு. கீழே குவிந்து மேலே அகன்ற கூம்பு வடிவ ஓலைப்பெட்டி. கொதிக்கும் பானையின் வாயில் அதைச் செருகி வைத்தால் ஆவி பின்னலுக்குள் நுழைந்து மாவை வேகவைக்கும். வெந்ததும் கவிழ்த்தால் பிட்டு பிரிந்து விழும். அது எந்த அளவுப் பானைக்கும் பொருந்துவது அந்தக் கூம்பினால்தான். சின்ன வாய்ப் பானையில் மேலே நிற்கும், பெரிய வாய்ப் பானையில் கொஞ்சம் இறங்கி உட்காரும். அங்கே உறவு உள்ளவர்கள், அல்லது கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தம் வருகிறவர்கள், கட்டாயம் ஒன்று கேட்டு வாங்குங்கள்.

நான் சொல்வது பழைய பொருள் மீதுள்ள பாசம் என்று சிலருக்குத் தோன்றலாம். அமெரிக்காவில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்று ஒரு தம்பதி இருந்தார்கள். அவர்கள் வடிவமைத்த நாற்காலிகள் உலகப் புகழ் பெற்றவை. வடிவமைப்புக் கல்விக்கு என்ன செய்யலாம் என்று இந்திய அரசு அவர்களை அழைத்தது. நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1958-ல் அறிக்கை கொடுத்தார்கள். அதன் அடிப்படையில்தான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்த அறிக்கையில் இந்தியாவில் பார்த்த பொருட்களிலேயே மிகச் சிறந்தது என்று அவர்கள் எடுத்துச் சொன்னது தாஜ்மகாலை அல்ல, நம் வீட்டுச் செம்பை. நிறைந்திருக்கும்போது எடை எங்கே நிற்கிறது, காலியானால் எங்கே நிற்கிறது, இடுப்பில் வைத்தால் எப்படி, தலையில் வைத்தால் எப்படி, உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா, ஊற்றும்போது தண்ணீர் எப்படி விழுகிறது, கை விட்டுக் கழுவ முடிகிறதா, தட்டினால் என்ன சத்தம் வருகிறது, உடைந்தால் உலோகத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்று கேள்விகளை அடுக்கினார்கள். இத்தனைக்கும் விடை சொல்கிற ஒரு பாத்திரத்தைத் தனி ஒருவர் வடிவமைத்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து செதுக்கியது என்பது அவர்கள் கண்ட முடிவு.

கடையில் நிற்கும்போது இந்தக் கேள்விகள் போதும். தூக்குவாளி வாங்குகிறீர்களா, அதைத் தண்ணீரோடு தூக்கிப் பார்க்கக் கேளுங்கள். கைப்பிடி விரலை அறுக்கிறதா, மூடி நடக்கும்போது கழன்று விழுகிறதா என்று தெரிந்துவிடும். சுளகு வாங்கினால் நுனியைப் பிடித்து இரண்டு தடவை புடைத்துப் பாருங்கள்.

மதுரைக்குப் போகிற வழியில் மானாமதுரை இருக்கிறது, அங்கே மண்பானை. அந்த மண்பாண்டத்துக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பானைத் தண்ணீர் குளிர்வது, மண்ணின் துளைகளில் கசியும் ஈரம் காற்றில் ஆவியாவதால். காற்று வறண்டிருந்தால் நன்றாகக் குளிரும். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அந்த அளவு குளிராது. மதுரை, திருச்சிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பானை நல்ல பரிசு. ஏர்வாடியில் இருப்பவருக்குக் குழம்புச் சட்டி வாங்கிக் கொடுங்கள், அது எந்த ஊரிலும் வேலை செய்யும்.

இதுவரை இங்கிருந்து வெளியூருக்குக் கொடுப்பதைப் பற்றியே பேசினேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இந்தக் கரைக்கு என்ன கொண்டுவரலாம்?

மன்னார் வளைகுடாக் கரையில் ஏராளமான பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்று பெயர். அதிலிருந்து அகர் எடுக்கிறார்கள். நோன்பு திறக்கும்போதும் பெருநாளிலும் தட்டில் வெட்டி வைக்கிற கடல்பாசி இனிப்புக்கு அந்த அகர்தான் வேண்டும். அந்தப் பெண்கள் பாறையிலும் பவளத்திலும் கால் கிழியாமல், தண்ணீரில் உந்திப் போகவும் வசதியாக, ரப்பர் செருப்பின் அடியில் உலோகத் தகட்டை வைத்துக் கட்டிக்கொள்கிறார்கள். துடுப்பும் காலணியும் சேர்ந்த ஒரே பொருள். விரல்களுக்குத் துணி சுற்றிக்கொள்கிறார்கள். கண்ணுக்கு முகக்கண்ணாடி. இது எந்த வடிவமைப்புப் பள்ளியிலும் வரைந்தது இல்லை, உடம்பில் பட்ட காயத்திலிருந்து அவர்களே கண்டுபிடித்தது. இதை நான் பெரிய சாதனையாக நினைக்கிறேன்.

அதே சமயம், தகட்டைக் கட்டிக்கொண்டு மூழ்குவது அவர்களுக்கு வேறு வசதி இல்லாததால்தான் என்பதையும் பார்க்க வேண்டும். ஓரத்தில் தண்ணீர் கசியாத, முகத்தில் நன்றாகப் பதிகிற முகக்கண்ணாடி ஒன்று ஒரு பெண்ணின் நாள் முழுவதையும் இலேசாக்கும். உங்கள் சொந்தத்தில், அக்கம்பக்கத்தில் பாசிக்குப் போகிறவர் இருந்தால், பொங்கலுக்குச் சேலையோடு அதையும் வாங்கிக் கொடுங்கள். அளவு கேட்டு வாங்குங்கள். முகத்துக்குப் பொருந்தாத கண்ணாடி இருந்தும் பயனில்லை. மீன் வெட்டுகிற அக்காவுக்கு நல்ல எஃகில் ஒரு கத்தி, வழுக்காத பிடியோடு. நன்றாகச் செய்த பொருளின் அருமை, அதை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

விலை பற்றி ஒரு வார்த்தை. பல்பொருள் அங்காடியில் ஒட்டிய விலையைப் பேசாமல் கொடுக்கிற நாம், மரத்தடியில் பெட்டி விற்கிற பாட்டியிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறோம். இது எனக்கு மனசு ஆறாத விஷயம். குருத்து வெட்டியவருக்குக் கூலி, கிழித்தவருக்கு நேரம், சாயம், முடைந்தவரின் முதுகுவலி எல்லாம் அந்த விலைக்குள் இருக்கிறது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. பனை நம் மாநில மரம், அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. சட்டம் பிளாஸ்டிக்கைத் தடுக்கும், மரத்தைக் காக்கும். ஓலை வேலை நிலைக்க வேண்டுமானால் பெட்டி விற்க வேண்டும், கட்டுப்படியாகிற விலைக்கு விற்க வேண்டும். பத்து, இருபது பெட்டி வேண்டும் என்றால் விழாவுக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள். ஒரே வடலியில் அடிக்கடி குருத்து வெட்டினால் மரம் நலிந்துவிடும். மழை நாளில் ஓலையும் காயாது. ஒரு மாதம் முன்பே முன்பணம் கொடுத்துச் சொல்லி வைப்பதுதான் மரியாதை.

பரிசாகக் கொடுக்கும்போது பெட்டிக்குள் ஒரு சின்னச் சீட்டு எழுதிப் போடுங்கள். எந்த ஊரில் முடைந்தது என்று எழுதுங்கள். முடைந்தவர் சம்மதித்தால் அவர் பெயரையும் எழுதுங்கள். அதன் கீழே பராமரிப்பு: தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும். மழைக்காலத்தில் பூஞ்சை பூத்தால் காய்ந்த துணியால் துடைத்து இளவெயிலில் வைக்கவும். விளிம்பில் நார் விட்டுப்போனால் தூக்கி எறிய வேண்டாம், ஊருக்கு வரும்போது கொண்டுவந்தால் மறுபடி பொத்திக் கொடுப்பார்கள்.