சக்கரம் மாற்றும் ரயில்



விடுமுறை என்றதும் நிம்மதியாக ரயில் ஏறலாம் என்று நினைக்கிறோம். பல நேரம் குழப்பமே அங்கேதான் ஆரம்பம்!

கொரோனாவுக்கு முன்பு வரை மாஸ்கோவிலிருந்து மங்கோலியா வழியாக பெய்ஜிங்கிற்கு ஒரு ரயில் ஓடியது. கிட்டத்தட்ட ஆறு நாள் பயணம். முதல் குழப்பம் கடிகாரத்தில். 2018 வரை ரஷ்யா முழுவதும் ரயில் நேரம் என்றால் மாஸ்கோ நேரம்தான். சைபீரியாவில் வெளியே நல்ல இருட்டு. ஸ்டேஷன் கடிகாரமோ சாயங்காலம் என்று சொல்லும். ரயிலைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

அடுத்தது சீன எல்லை. ரஷ்ய, மங்கோலியத் தண்டவாளத்தின் அகலம் 1520 மில்லிமீட்டர், சீனாவில் 1435. நாலு விரல் அகலம்தான் வித்தியாசம். அதற்காக எர்லியன் ஊரில் பெட்டிகளைத் தனித்தனியாகக் கழற்றி, ஜாக்கி வைத்து ஆளோடு சேர்த்து மேலே தூக்குவார்கள். பழைய சக்கரத் தொகுதியை உருட்டிவிட்டு, புதியதைத் தள்ளிப் பொருத்துவார்கள். டமார் டமார் என்று சத்தம். தூங்குகிறவர் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார்.

இதற்குச் சில மணி நேரம் ஆகும். அதுவரை கழிப்பறைக்குப் பூட்டு!

பெட்டிக்குப் பெட்டி சமோவாரில் சுடுநீர் இலவசம். புதிதாக வருபவர் டீ மேல் டீ குடிப்பார். பழகியவரோ எல்லைக்கு முன்பே கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

“டீ வேண்டாமா?” என்று கேட்டால், “சீனாவில் குடிக்கிறேன்” என்பார்!