சம்பங்கி ஏரியில் மிச்சமிருக்கும் தண்ணீர்

பெங்களூரில் வயதான இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் "அந்தக் காலத்து பெங்களூர்" என்ற இடத்தில்தான் போய் நிற்கும். மின்விசிறி தேவைப்படாத வீடுகள், ஓய்வூதியக்காரர்களின் சொர்க்கம், தெருவுக்குத் தெரு நிழல். கேட்கும் பிள்ளைகளுக்கு இது அலுப்பாக இருக்கும். மருத்துவமும் இதை வெகுகாலம் நல்ல கண்ணோடு பார்க்கவில்லை. 1688இல் யோகான்னஸ் ஹோஃபர் என்பவர், சொந்த ஊரை விட்டுத் தொலைவில் இருப்பவர்களுக்கு வரும் இந்த ஏக்கத்தை ஒரு நோயாகவே எழுதி வைத்தார். அந்தப் பார்வையைத் திருப்பிப்போட்டவர்களில் முக்கியமானவர்கள் இங்கிலாந்தில் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் கான்ஸ்டன்டைன் செடிகிடீசும் டிம் வைல்ட்ஷட்டும். பழைய நாட்களை நினைத்து எழுதச் சொன்னால், எழுதியவர்களுக்குத் தனிமை உணர்வு குறைகிறது, வாழ்க்கைக்குப் பொருள் இருப்பதாகத் தோன்றுகிறது என்று அவர்களுடைய சோதனைகள் காட்டின. 2013இல் இன்னொன்றும் வெளிவந்தது: பழையதை நினைப்பவருக்கு வரப்போகும் நாட்களின் மேல் நம்பிக்கை கூடுகிறதாம். பின்னால் திரும்பிப் பார்ப்பவன் முன்னால் பார்க்கத் தெம்பு பெறுகிறான் என்பது கொஞ்சம் வியப்பான முடிவுதான்.

அப்படியானால் இந்தியாவிலேயே நிறைவாக வாழும் ஊர் பெங்களூராகத்தானே இருக்க வேண்டும்? இங்கே ஏக்கத்துக்கா பஞ்சம்? ஆனால் அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே ஏரிகள் ஒவ்வொன்றாகப் போயின. மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்பது தர்மாம்புதி ஏரியின் மேல். கோரமங்களா ஏரி தேசிய விளையாட்டுக் கிராமம் ஆனது. ஆகவே என் வாதம் இதுதான்: ஏக்கம் தானாக யாரையும் வாழவைப்பதில்லை. அதற்கு ஓர் இடம் வேண்டும், ஆண்டில் ஒரு நாள் வேண்டும், செய்தே தீர வேண்டிய ஒரு கடமையும் அதைச் சேர்ந்து செய்ய ஆட்களும் வேண்டும். இவை இருந்தால் ஏக்கம் நம்பிக்கையாகும். இல்லாவிட்டால் வெறும் புலம்பலாகவே தேங்கிவிடும். இதற்குச் சான்று தேடி சௌதாம்ப்டன் வரை போக வேண்டியதில்லை, பெங்களூரின் திகளரபேட்டை போதும்.

பெங்களூர் கரகத்தைச் சொல்கிறேன். நேயர்களில் பலர் கரகாட்டத்தை நினைத்துக்கொள்வீர்கள், அது வேறு. இது தர்மராய சுவாமி கோவிலின் திரௌபதி திருவிழா. நடத்துகிறவர்கள் வன்னிகுல க்ஷத்ரியர் எனப்படும் திகளர்கள், தோட்டத் தொழிலில் கைதேர்ந்த சமூகம். தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பது பரவலான கருத்து. அவர்கள் வீட்டுப் பேச்சில் இன்றும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வரும். ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாகை வளர்த்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இவர்கள் சொல்லும் கதையைக் கேளுங்கள். போர் முடிந்து பாண்டவர்கள் சொர்க்கத்துக்குப் போகும் வழியில் திரௌபதி பின்தங்குகிறாள். திமிராசுரன் வருகிறான். அவள் ஆதிசக்தியாக மாறி, வீரகுமாரர்கள் என்ற படையைத் தன்னிலிருந்தே உண்டாக்கி, அவனை வெல்கிறாள். பிறகு புறப்படும்போது அந்த வீரகுமாரர்கள் "அம்மா, போகாதே" என்று அழுகிறார்கள். இருக்க முடியாது, ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள். பிரிவைத் தாங்க முடியாதவர்களுக்குக் கிடைத்தது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை, நாள் குறித்த ஒரு வாக்கு. அம்மா வரும்போது வீரகுமாரர்கள் அங்கே இருக்க வேண்டும் அல்லவா? அதனால்தான் யுகாதிக்குப் பிறகு வரும் முழுநிலவு இரவில், வீரகுமாரர் பரம்பரை என்று தங்களைக் கருதுபவர்கள் உருவிய வாளோடு வந்து நிற்கிறார்கள். மல்லிகையால் மூடிய கரகத்தைக் கையால் பிடிக்காமல் தலையில் தாங்கி, பூசாரி பெண் உடையில் வெளியே வருகிறார். மனைவியின் தாலியையும் வளையலையும் வாங்கி அணிந்துகொண்டுதான் வருகிறார். கரகம் தவறினால் அந்த வாள்கள் அவர் மேலேயே பாயும் என்பது மரபு. பேட்டையின் சந்துகளில் இரவு முழுக்க நடந்து விடியும்போது கோவிலுக்குத் திரும்புகிறார். 2020இல் ஊரடங்கு நேரத்தில் ஊர்வலம் கிடையாது, சிலர் மட்டும் கோவிலுக்குள் சடங்கை முடித்தார்கள். அப்போதும் வாக்கு தவறவில்லை பாருங்கள்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். கரகத்தின் முன்சடங்குகளுக்கு ஏரிக்கரை வேண்டும், அந்த ஏரி சம்பங்கி. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தபின் ஊருக்குள் இருந்த ஏரிகளின் மேல் அக்கறை தளர்ந்தது. ஆய்வாளர்கள் ஹரிணி நாகேந்திராவும் ஹிதா உன்னிகிருஷ்ணனும் பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் வைத்துச் சம்பங்கியின் கதையை எழுதியிருக்கிறார்கள். தோட்டம், சலவை, செங்கல் என்று பல தொழில்களைத் தாங்கிய நீர்நிலை கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறி, கடைசியில் கண்டீரவ விளையாட்டரங்கமாக நிற்கிறது. ஆனால் ஒரு மூலையில் சின்னக் குளம் ஒன்று மட்டும் மிஞ்சியது. கரகத்துக்கு அது தேவை என்பதால் மிஞ்சியது. ஏரியின் அழகைப் பற்றி நகரமே உருகிப் பேசியும் ஒரு கை தண்ணீரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை அங்கே வந்தாக வேண்டும் என்ற கடமை உள்ளவர்களால் அந்தக் குளமாவது மிஞ்சியது.

இதற்கு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. குளம் மிஞ்சியது சரி, தோட்டம் மிஞ்சியதா? இல்லை. ஏரி போனதும் அதை நம்பியிருந்த திகளர்களின் சாகுபடியும் போனது. விழா தழைக்க, பிழைப்பு பட்டுப்போனது. அப்படியானால் சடங்கு தரும் பொருள், இழப்பை மறக்க வைக்கும் மயக்கமருந்துதானா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் மறுப்பில் பாதி உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். வாழ்க்கைக்குப் பொருள் இருப்பது வேறு, வயிறு நிறைவது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறுப்பது அநியாயம். சடங்கு செய்தது இவ்வளவுதான்: தொழில் சிதறிய பின்னும் அந்தச் சமூகத்தை ஒரே இடத்தில் கூட்டியது, இது எங்கள் தண்ணீர் என்று சொல்லும் உரிமையை நகரத்தின் நடுவே உயிரோடு வைத்தது. அந்த உரிமை இல்லாதவர்கள் இழந்ததைக் கேட்கக்கூட முடியாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கவனமாகக் கேட்க வேண்டியது. பழம்பெருமை பேசுகிறவர்கள் அடுத்தவரை வெளியே தள்ளத்தானே முடிவில் அதைப் பயன்படுத்துகிறார்கள்? ஸ்வெட்லானா போய்ம் என்ற அறிஞர் 2001இல் எழுதிய நூலில் ஏக்கத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, மாசற்ற ஒரு பழங்காலம் இருந்ததாக நம்பி அதையே மறுபடி கட்டத் துடிப்பது. மற்றொன்று, போனது போனதுதான் என்று தெரிந்தே அதை நினைப்பது. அடுத்தவரை வெளியே தள்ளுவது முதல் வகை; கரகத்தில் நான் பார்ப்பது இரண்டாவது வகை. கரகம் ஊர்வலத்தின்போது காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போய் வரும். 2022 ஏப்ரலில், தர்காவுக்குப் போகக் கூடாது என்று சில அமைப்புகள் கேட்டன. கோவில் தரப்பு ஏற்கவில்லை, கரகம் வழக்கம்போலப் போனது. அதாவது, இல்லாத ஒரு தூய பழமையைக் கேட்டவர்களுக்கு இருக்கிற பழமையே பதில் சொன்னது. ஏக்கம் பகையாவது அது கற்பனையில் வாழும்போதுதான். தெருவில் இறங்கி நடக்கும் நினைவு, வழியில் இருக்கும் அயலாரைத் தாண்டிப் போக முடியாது.

சோதனைச்சாலை முடிவுகளைச் சந்தேகிப்பவர்களும் இருக்கிறார்கள், அது நியாயம்தான். எழுதி முடித்த சில நிமிடங்களில் அளந்த மகிழ்ச்சி அடுத்த வாரமும் இருக்குமா? இருக்க வேண்டுமானால் உணர்வோடு செயலும் சேர வேண்டும் என்பதே என் பதில். அமெரிக்க உளவியலாளர் ஸ்னைடரும் நம்பிக்கையை வெறும் ஆசையாகப் பார்க்கவில்லை. போய்ச் சேர ஓர் இலக்கு, அதற்கு வழி, அந்த வழியில் என்னால் நடக்க முடியும் என்ற துணிவு, இவை சேர்ந்ததே நம்பிக்கை என்றார். பெங்களூரின் புட்டேனஹள்ளியிலும் கைகொண்டரஹள்ளியிலும் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடியிருப்போர் மாநகராட்சியோடு மல்லுக்கட்டி, பிறகு கைகோத்து, ஏரிகளை மீட்டபோது இந்த மூன்றும் கூடின. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மீட்ட ஏரியைச் சுற்றி வேலி போட்டு, காலை நடைக்கு மட்டும் திறந்து, மாடு மேய்த்தவரையும் துணி துவைத்தவரையும் வெளியே நிறுத்தினால் அது சம்பங்கியின் கதையை மறுபடி எழுதுவதுதான்.

முடிக்கும் முன் ஒரே ஒரு வேண்டுகோள். கரக நாள் சாந்திரமான சைத்ர மாதக் கணக்கு, நம் பஞ்சாங்கப்படி சில ஆண்டுகளில் பங்குனியிலேயே வந்துவிடும், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரவு கண்விழித்து ஊர்வலம் பாருங்கள், பகலில் கண்டீரவ அரங்கத்தின் பக்கம் போய் அந்தக் குளத்தையும் பாருங்கள். பிறகு உங்கள் பேட்டையில் இருந்த ஏரியின் பெயரைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், அதில் மிச்சம் எவ்வளவு, யார் பொறுப்பு என்று எழுந்து கேளுங்கள்.