தோல் வழி ஏறும் மருந்து
(நமது சங்கத்தின் மாதர் கூட்டத்திற் செய்த பிரசங்கம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படுவதன்று. மாதவிலக்கு நிற்குங் காலத்தில் ஸ்திரீகளுக்கு உண்டாகும் தேகக் கொதிப்பும், நள்ளிரவு வியர்வையும், நித்திரையின்மையும் "வயதானால் அப்படித்தான்" என்னும் ஒரு சொல்லோடு ஒதுக்கப்பட்டு வருகின்றன. அவற்றிற்கு வைத்தியம் உண்டு. சரீரத்திற் குறைந்துபோன ஈஸ்ட்ரடையோல் என்னும் ஹார்மோனை ஜெல்லாகத் தோலின்மேற் பூசுவது அதில் ஒரு முறை. வைத்தியர் பரிசோதித்துத் தகும் என்று கூறியவர்களுக்கே என் பேச்சு உரியது. மார்பிற் புற்றுநோய் கண்டவர்களுக்கு இது பொதுவாய் விலக்கப்பட்டுள்ளது.

மாத்திரையாக விழுங்கலாகாதோ எனலாம். விழுங்கிய மருந்து முதலிற் கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கே பெரும்பங்கு உருமாறிவிடுவதுமன்றி, இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களும் மிகுகின்றன. தோல் வழியாய்ப் புகுவதோ நேரே இரத்தத்திற் கலக்கிறது. ஆதலால் இரத்தம் உறையும் அபாயம் மாத்திரையினும் குறைவு.

இனிப் பூசும் விதம். நாம் தைலம் என்றாற் சூடு பறக்கத் தேய்த்துப் பழகியவர்கள். இங்கே அப்பழக்கம் வேண்டா. ஜெல்லிலுள்ள ஆல்கஹால் ஆவியாய்ப் போனதும், ஹார்மோன் தோலின் மேற்படலத்திலே தங்கி, குதிரிலிட்ட நெல்லைப்போல் நாள் முழுதும் சிறிது சிறிதாய்ச் செலவாகிறது. தேய்ப்பதால் ஆவதொன்றுமில்லை, மெல்லியதாய்ப் பரப்புவதே வேலை. குளித்து ஈரந் துவட்டியபின், புண்ணில்லாத தோலில், மேற்கையிலோ தோளிலோ தொடையின் உட்புறத்திலோ பூசுவர். இடமும் பரப்பும் மருந்துக்கு மருந்து வேறுபடுமாதலால் கூட வரும் காகிதத்தைப் படித்துக்கொள்க. ஸ்தனங்களிலும் முகத்திலும் பூசலாகாது. 5 நிமிஷம் உலர்ந்தபின் ஆடை அணியலாம். 1 மணி நேரமேனும் அவ்விடத்தைக் கழுவுதலும், அதன்மேல் எண்ணெயோ களிம்போ தடவுதலும் கூடா. எண்ணெய் ஸ்நானத்தன்று சீயக்காயால் எண்ணெய் முழுதும் போனபின்னரே பூசுக.

100-க்கு 0.06 பங்கு வீரியமுள்ள ஜெல்லில், ஓர் அழுத்தத்திற்கு வரும் 1.25 கிராமில் 0.75 மில்லிகிராம் ஹார்மோன் உண்டு. கொதிப்பு அடங்கவில்லையென்று தாமே ஓர் அழுத்தம் கூட்டிக்கொள்வோர் இருக்கிறார்கள். அது தவறு.

நம் பெண்மணிகள் குளித்த கையோடு விளக்கேற்றுவார்கள், அல்லது அடுப்பண்டை போவார்கள். ஈர ஜெல் தீப்பற்றக்கூடியது! அது உலர்ந்து, கையையும் சோப்பிட்டுக் கழுவிய பிறகே நெருப்பை அணுக வேண்டும்.

இவை எல்லாவற்றினும் நான் அஞ்சுவது பேரக் குழந்தைகளைக் குறித்தே. கையில் தெளிக்கும் ஈஸ்ட்ரடையோல் மருந்தொன்று பெரியோர் தோலிலிருந்து சிறு குழந்தைகளுக்கு ஒட்டி, அவர்களுக்கு அகாலத்தில் மார்பு வளர்ந்ததாக 2010-ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்து அதிகாரிகள் எச்சரித்தார்கள். ஜெல்லும் அவ்விதமே ஒட்டும். குழந்தையைத் தோளிற் சாய்த்துத் தூங்கப்பண்ணும் பாட்டிமார் தொடையிற் பூசிக்கொள்ளலாமா என்று வைத்தியரைக் கேட்பது நலம்.

இன்னுமொன்று. கருப்பை உள்ளவர்கள் இம்மருந்தைத் தனியே உபயோகித்தால் அதன் உட்சவ்வு தடித்துப் புற்றுநோய்க்கு இடமாகலாம். அதற்காகவே வைத்தியர் புரோஜெஸ்டிரோன் என்னும் வேறொன்றையும் சேர்த்துக் கொடுக்கிறார். செலவு மிச்சமென்று அதை நிறுத்தாதீர்கள். விலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் எதிர்பாராத உதிரப்போக்கு கண்டால், வெட்கத்தால் மறைக்காது உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.