எந்தப் பொருத்தம் முதலில்?



மனங்களைச் சேர்த்து வைப்பது ஒற்றுமையா, வேற்றுமையா? இதற்கு விடை தேடி நான் கடல் தாண்டவில்லை. நம் மலாக்காவிலேயே, காஜா பெராங்கில், கம்போங் செட்டி இருக்கிறது. சுல்தான்கள் ஆண்ட காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வாணிகத்துக்கு வந்த தமிழர்கள், இந்த மண்ணிலேயே மலாய், ஜாவா, பத்தாக், சீனப் பெண்களை மணந்தார்கள். மொழி வேறு, உணவு வேறு, உடை வேறு. பிள்ளைகள் மலாய் பேசி வளர்ந்தார்கள். பெண்கள் சாரோங் கெபாயா உடுத்தினார்கள். ஆனால் குடும்பம் மொத்தமும் ஒரே சாமியைக் கும்பிட்டது. 1781-இல், டச்சுக்காரர் தந்த நிலத்தில், பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பியவர்கள் அவர்கள்தாம். இன்றும் போகியன்று முன்னோருக்குப் படைக்கிறார்கள். அந்தப் படையலில் மலாய்ச் சமையலும் உண்டு! இத்தனை வேற்றுமையையும் அந்த வீடுகள் தாங்கின. வழிபாடும் முன்னோர் மேல் வைத்த மதிப்பும் கணவன் மனைவி இருவருக்கும் பொதுவாக இருந்ததால் தாங்கின என்றே நான் நம்புகிறேன்.

தோட்டத்தில் நடந்தது வேறு. 1896-இல் தான் சே யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் தொடக்க கால ரப்பர்த் தோட்டங்களுள் அதுவும் ஒன்று. ஆள் சேர்க்கப் புறப்பட்ட கங்காணி தன் சொந்த ஊருக்கே போனார். உறவும் சாதியும் ஒரே கப்பலில் ஏறி, ஒரே லயத்து வீட்டு வரிசையில் குடியேறின. 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை அப்படித்தான். அத்தை மகன் அடுத்த கதவிலேயே இருந்தான். யாருமற்ற சீமையில் உறவைத் தவிர வேறு காவல் இல்லை. அந்தப் பெரியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லயம் போய்விட்டது, பிள்ளைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். "எந்த ஊர், என்ன ஆளுங்க?" என்ற கேள்வி மட்டும் போகவில்லையே!

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பத்து ஒப்புகள் சொன்னார். பிறப்பும் குடிமையும் அதில் உண்டு. அருளும் உணர்வும் அதே வரிசையில் உண்டு. நாம் முதல் இரண்டோடு நின்றுவிட்டோம்.

2023-இல், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தான்யா ஹார்விட்ஸ் குழுவினர், துணைவர்கள் எதெதில் ஒத்திருக்கிறார்கள் என்று நூறாண்டுக்கும் மேலாக நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். அரசியல் கருத்து, சமயப் பற்று, கல்வி, குடி, புகை ஆகியவற்றில் துணைவர்கள் பெரிதும் ஒத்திருந்தார்கள். ஒருவர் கலகலப்பானவரா, அமைதியானவரா என்பதில் ஒப்பு மிகச் சிறிது. அதற்காக எதிரெதிர்க் குணங்கள்தாம் ஈர்க்கும் என்றும் சொல்லிவிட முடியாது. அதற்கு நம்பத்தக்க சான்று அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே தாய்மார்களே, மாப்பிள்ளை வாயாடியா, வாய் திறக்காதவரா என்று கவலைப்படாதீர்கள். தாத்தா எந்தத் தோட்டம் என்பதையும் விடுங்கள். சம்பளம் வந்த அன்று அந்தப் பணம் எங்கே போகிறது? குடிப்பழக்கம் உண்டா? மனைவி மேலே படிக்க விரும்பினால் என்ன சொல்வார்? வயதான மாமனார் மாமியாரை யார் பார்ப்பது? இவற்றைக் கேளுங்கள். பெண்ணிடமும் கேளுங்கள். பெற்றவர்கள் கேட்கத் தயங்கினால், தம்பி தங்கைகளே, நீங்களே நேரில் உட்கார்ந்து கேளுங்கள். அதற்கு மண்டபம் பதிவு செய்யும் நாள்வரை காத்திருக்காதீர்கள்.