கோப்பையில் தெரியும் கைவேலை

நடுவர் அவர்களே, தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்லும் பழக்கம் நமக்குத் தேவையா, வெறும் பகட்டா? தேவை என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன், "ருசி பார்த்துப் பேசுவதெல்லாம் மதுவுக்குத்தான், தேத்தண்ணிக்கு எதற்கு?" என்றார். அண்ணே, மதுசாரம் 0.5 சதவீதத்தைத் தாண்டாத பியரையும் இன்று வெளிநாட்டில் நடுவர்கள் வரிசையாக வைத்து மணம், கசப்பு, நுரை என்று பார்த்துப் பரிசு கொடுக்கிறார்கள். போதையை எடுத்துவிட்டால் செய்தவருடைய கைவேலைதான் மிச்சம். நாக்குக்கு அங்கேதான் வேலை கூடுகிறது.

நம் தேயிலைத் தொழிற்சாலைக்கு, அதாவது ஸ்டோருக்கு, வாருங்கள். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். சாயத்தைக் கிண்ணத்தில் வடித்து, ஊறிய இலையை மூடியில் கவிழ்த்து வைப்பார்கள். ருசி பார்ப்பவர் சத்தம் வர உறிஞ்சுவது திமிரில்லை. காற்றோடு இழுத்தால்தான் மணம் மூக்குக்கு ஏறும். துப்புவதும் அவமரியாதை இல்லை. அத்தனை கோப்பையையும் விழுங்கினால் கடைசிக் கோப்பைக்கு எப்படி நியாயம் சொல்வார்?

அந்த ஒரு வாயில் என்னவெல்லாம் தெரிகிறது! கொழுந்து சரியாக வாடாவிட்டால் பச்சை வாடை. ரோலரில் அரைத்ததை அதிக நேரம் புளிக்க விட்டால் நிறம் ஏறும், உயிர்ப்பு போய்விடும். டிரையர் சூடு மிஞ்சினால் கருகல். அடுப்பு கசிந்தால் புகை நாற்றம். முற்றின இலை கலந்தால் சாயம் மெலிந்து நாக்கில் கரகரக்கும். சாக்கில் இடித்துத் திணித்த கொழுந்து லொறியிலேயே சூடேறிச் சிவந்துவிடும். அதையும் கோப்பை காட்டிக் கொடுக்கும். எந்த இடத்தில் பிழை என்று, ஸ்டோரில் தேயிலை செய்விக்கும் டீமேக்கருக்கு இவ்வளவு சீக்கிரம் சொல்ல வேறு வழி உண்டா?

இலங்கையின் ஏழு தேயிலைப் பிரதேசங்களில் நமது உடப்புசல்லாவையும் ஒன்று. நுவரெலியாவுக்குக் கிழக்கே, அதைவிடத் தாழ்ந்த மலை. தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலைகள் வாங்கிக்கொள்ள, ஆடி ஆவணியில் வறண்ட காற்று நம் பக்கம் இறங்குகிறது. அப்போதுதான் நமது தேயிலை மணக்கிறது. தை மாசியின் வறண்ட குளிரில் சாயத்துக்கு இளஞ்சிவப்புச் சாயல் வருகிறது. நுவரெலியாத் தேயிலையைவிட நிறம் கூடியது, திடமானது. கொழும்பில் 1883இல் தொடங்கிய ஏலத்துக்கு நமது மூட்டையும் போகிறது. தரகர்கள் முன்கூட்டியே ருசி பார்த்து மதிப்புப் போடுகிறார்கள். அந்த நாக்கு இல்லையென்றால் நமது மலையும் இன்னொரு மலையும் ஒரே தூள்தான்.

"விலை ஏறினாலும் கொழுந்தெடுக்கிறவளுக்கு அதே நாள்சம்பளம்தானே?" என்று எதிரணி அக்கா கேட்டார். நெஞ்சில் தைக்கிற கேள்வி. ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தது ருசி பார்க்கும் பழக்கமா? நல்ல கொழுந்தால் நல்ல விலை வந்தது என்று ஆதாரத்தோடு பேச நமக்குக் கிடைப்பதே அந்தக் கோப்பைதான். அதை மேசைக்கு அந்தப் பக்கம், நிர்வாகத்திடம் மட்டும் வைத்திருப்பதுதான் குறை.

நடுவர் அவர்களே, ஸ்டோரில் கோப்பை வரிசையாக வைக்கும்போது கொழுந்தெடுக்கும் அக்காமாரையும் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். முதல்நாள் அவர்கள் எடுத்த கொழுந்தை அவர்களே உறிஞ்சிப் பார்க்கட்டும். தரகர் எழுதி அனுப்பும் குறிப்பை டீமேக்கர் அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டட்டும். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் நிறுவையோடு ருசியையும் வைத்து அவர்கள் பேசட்டும்.