தொட்டால் பேசும், தூக்கினால் எழுதும்
(நமது சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பார்வையற்ற குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)



போன மாதம் மேல்நிலைத் தொட்டி கழுவிய அன்று, தலையில் சோப்போடு குளியலறையில் நின்றேன். தண்ணீர் நின்றுவிட்டது. முந்தின நாளே வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்திருக்கிறது. ஆனால் அது கையால் எழுதி, போட்டோ எடுத்துப் போட்டது. என் போன் "படம்" என்று மட்டும் சொன்னது. அதற்குக் கீழே நீங்கள் போட்ட "ஓகே"க்களை ஒன்றுவிடாமல் வாசித்தது!

"அங்கிள், நீங்க எப்படி மெசேஜ் டைப் பண்றீங்க?" என்று லிஃப்டில் பிள்ளைகள் கேட்பார்கள். பழைய பட்டன் போனில் 5-ஆம் எண் மேல் சின்ன மேடு இருக்கும். விரலே வழி சொல்லும். தொடுதிரை வெறும் கண்ணாடி. அதனால் போனே பேசுகிறது. ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக். இரண்டும் 2009-லேயே வந்துவிட்டன. விரலைத் திரையில் நகர்த்தினால் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லும். வேண்டிய எழுத்து வந்ததும் விரலைத் தூக்கினால் அது பதிவாகும். கொஞ்சம் நழுவினால் பக்கத்து எழுத்து விழும்.

தமிழில் இன்னொரு சிக்கல். "கு" என்று எழுத முதலில் க, பிறகு உகரக் குறி என்று இரண்டு முறை தேட வேண்டும். ந, ன இரண்டும் என் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். விசை இருக்கும் இடத்தை நினைவில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

"வாயால் சொன்னால் எழுதிவிடுமே?" என்பீர்கள். உண்மைதான். 2017 முதல் கூகுளில் தமிழிலும் அந்த வசதி உண்டு. ஆனால் குக்கர் விசிலுக்கும் மிக்ஸி சத்தத்துக்கும் நடுவே சொன்னது ஒன்று, விழுவது ஒன்று. வங்கி விஷயத்தையும் உடம்பு விஷயத்தையும் நாலு பேர் காதில் விழச் சொல்லவும் முடியாது.

பிரெய்ல் தெரிந்தவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. ஆறு விரலைத் திரையில் வைத்து, ஆறு புள்ளி முறையிலேயே எழுதலாம். ஐபோனில் 2014-லும் ஆண்ட்ராய்டில் 2020-லும் இது வந்தது. நான் நடுவயதில் பார்வை இழந்தவன். இப்போதுதான் பிரெய்ல் பழகுகிறேன்.

உங்களிடம் கேட்பது மூன்றே விஷயம். அறிவிப்பைப் போட்டோவாகப் போட்டாலும், கீழே இரண்டு வரி டைப் செய்யுங்கள்: என்ன, எந்தத் தேதி, எத்தனை மணி. கருத்துக் கேட்டால் இரவு வரையாவது நேரம் கொடுங்கள். கார் பார்க்கிங் பற்றிக் கேட்டபோது, நான் நாலு வரி எழுதி முடிப்பதற்குள் "முடிவாகிவிட்டது" என்று செய்தி வந்தது. நானும் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறவன்தானே? மூன்றாவது, என் செய்தியில் எழுத்துப்பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் பதில் போடுங்கள்.

இது எனக்கு மட்டும் இல்லை. நம் குடியிருப்பில் கண் மங்கிய பெரியவர்கள் எத்தனையோ பேர். போட்டோவில் உள்ள கையெழுத்து அவர்களுக்கும் தெரியாது. டைப் செய்த எழுத்தைப் பெரிதாக்கியும் படிக்கலாம், போனை வாசிக்கச் சொல்லியும் கேட்கலாம்.

அடுத்த தொட்டி கழுவும் நாளில் நான் முன்கூட்டியே குளித்திருப்பேன் என்று நம்புகிறேன்.